செங் பெங்: சீனக் குடும்பத்தோடு கல்லறைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில், ஹொக்கியன் பேசும் ஒரு சீனக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட தமிழச்சி நான். செங் பெங் என்பது வருடத்துக்கு ஒருமுறை முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்து கும்பிடும் நாள். மார்ச் பிறந்தால் போதும், அலுவலகத் தோழிகள், என் பக்கத்துச் சொந்தங்கள், சீன மருமகனோ மருமகளோ வந்த வீட்டுக்காரர்கள் என்று ஆளாளுக்கு இதே கேள்விகளைக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைத்துவிட்டேன். இதில் உள்ளது பெரும்பாலும் பினாங்கு ஹொக்கியன் வழக்கம். கன்டோனீஸ், தியோச்சூ, ஹக்கா வீடுகளில் சில மாறும். ஒரே தெருவில் இரண்டு ஹொக்கியன் வீடுகளிலேயே மாறும்.

செங் பெங் எந்த நாளில் வரும்?

ஏப்ரல் 4 அல்லது 5. மாண்டரினில் சிங்மிங் என்பதும் இதுதான். சீனப் புத்தாண்டு பிறையைப் பார்த்து வருவதால் வருடத்துக்கு வருடம் நகரும். செங் பெங் அப்படி இல்லை. சூரியனின் பாதையை 24 பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், அதில் ஐந்தாவது இது. வசந்த சமபகலிரவு கழிந்து ஏறக்குறைய 15 நாள். நம் சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14ஐ விட்டு அதிகம் விலகாததற்கும் அதே சூரியக் கணக்குதான் காரணம்.

ஆனால் அன்றைக்கே போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இங்கே முன்னே பத்து நாள், பின்னே பத்து நாள் என்று கணக்கு. மார்ச் கடைசி ஞாயிறுகளில் கல்லறைப் பக்கம் கார் நகராததைப் பார்த்திருப்பீர்களே, அது இதனால்தான். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். அண்மையில் இறந்தவரின் புதுக் கல்லறை என்றால், பல ஹொக்கியன் வீடுகளில் செங் பெங் நாளுக்கு முன்பே போய்விட வேண்டும் என்பார்கள். தேதியை வீட்டுப் பெரியவர்தான் முடிவு செய்வார், வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு நடத்தாதீர்கள்.

பொது விடுமுறையா?

சீனாவில் 2008 முதல் விடுமுறை. ஹாங்காங், தைவானிலும் உண்டு. மலேசியாவில், சிங்கப்பூரில் நாடு முழுவதற்குமான விடுமுறை இல்லை. அதனால்தான் வார இறுதிகளில் இவ்வளவு கூட்டம்.

இது எப்படித் தொடங்கியது?

எல்லோரும் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. பழைய சீனத்தில் ஜின் என்ற நாட்டு இளவரசன் சோங்அர் 19 வருடம் நாடு நாடாக ஒளிந்து திரிந்தான். பட்டினி கிடந்த ஒருநாள், ஜியே ஸிதுய் என்ற துணைவன் தன் தொடைச் சதையை அறுத்துச் சூப் வைத்துக் கொடுத்தானாம். கி.மு. 636இல் சோங்அர் அரசனானான். கூட இருந்தவர்களுக்கெல்லாம் பதவி கொடுத்தான், இவனை மறந்துவிட்டான். ஜியே தன் தாயைக் கூட்டிக்கொண்டு மலைக்காட்டுக்குள் போய்விட்டான். பிறகு நினைவு வந்து அரசன் தேடினான். ஆள் வெளியே வரட்டும் என்று காட்டுக்குத் தீ வைத்தார்கள். தாயும் மகனும் கருகிக் கிடந்தார்கள். அந்த நாளில் அடுப்பு மூட்டக் கூடாது, ஆறின சோறுதான் என்று அரசன் விதித்தானாம். அதுதான் 'குளிர்ந்த உணவுத் திருநாள்'.

அரசன் மறந்ததும் பிறகு வருந்தியதும் கதை. வரலாறாகச் சொல்லத்தக்கது என்னவென்றால், தாங் வம்சத்து அரசர் ஷுவான்சோங் காலத்தில், கி.பி. 732இல், அந்தத் திருநாளை ஒட்டிக் கல்லறைக்குப் போவதை அரசாணையாகவே ஏற்றுக்கொண்டார்கள். காலப்போக்கில் ஆறின சோறு போய்விட்டது, கல்லறைக்குப் போவது நிலைத்துவிட்டது. இன்றைக்குத் தீயைத் தவிர்ப்பதற்குப் பதில் மூட்டை மூட்டையாகக் காகிதம் எரிக்கிறோம். யாருக்கும் இது முரணாகப் படவில்லை.

காலையில் என்னதான் நடக்கும்?

முதலில் சொல்ல வேண்டியது: பாதி நேரம் பூசை இல்லை, வேலை. வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டும் என்று இருட்டோடு கிளம்புவோம். பாராங் கத்தி, துடைப்பம், வாளி, தண்ணீர், கொசு மருந்து, பெயிண்ட் டப்பா, மெல்லிய பிரஷ். ஒரு வருடத்தில் லாலாங் புல் இடுப்புயரம் வளர்ந்திருக்கும். பழைய சீனக் கல்லறை குதிரை லாட வடிவில் இருக்கும். பின்னால் மண் மேடு, அதை அணைத்த மாதிரி இரண்டு பக்கமும் கைச்சுவர், நடுவில் எழுத்துக் கல், முன்னால் சிமெண்ட் முற்றம். மேட்டுப் புல்லைச் செதுக்கி, முற்றத்தைக் கழுவி, மங்கிப்போன எழுத்தின் மேல் பெயிண்ட் ஓட்டுவோம். இப்போது பல குடும்பங்கள் ஆள் வைத்து முன்கூட்டியே புல் வெட்டச் சொல்லிவிடுகின்றன. என் மாமியாருக்கு அதில் திருப்தி இல்லை. வெட்டின இடத்தையே இன்னொரு தடவை வெட்டச் சொல்வார்.

பிறகு வண்ணக் காகிதத் துண்டுகளை மேடு முழுக்கப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை வைப்போம். முன்னோர் வீட்டுக்குக் கூரை வேய்வது என்று சொல்வார்கள். அதைவிட நேரடியான பயன் ஒன்று உண்டு. காகிதம் இருந்தால் இந்த வருடம் பிள்ளைகள் வந்துபோனார்கள் என்று மலையே பார்க்கும். காகிதம் இல்லாத மேட்டைப் பார்த்து அடுத்த கல்லறைக்காரர்கள் பேசுவார்கள். பேசுகிறார்கள், நான் கேட்டிருக்கிறேன்.

அடுத்ததுதான் கும்பிடுவது. வரிசை முக்கியம். கல்லறையின் ஓரத்தில் சின்னதாக இன்னொரு கல் இருக்கும், அது அந்த நிலத்தைக் காக்கும் தெய்வத்துக்கு. அவருக்குத்தான் முதல் ஊதுபத்தி, முதல் தட்டு. அவர் இடத்தில்தானே நம்மவர்கள் குடியிருக்கிறார்கள். அதன் பிறகு முன்னோர்களுக்கு மெழுகுவத்தி, ஊதுபத்தி. மூத்தவரிலிருந்து வயது வரிசைப்படி ஒவ்வொருவராக முன்னால் வந்து, தான் யார், யாரோடு வந்திருக்கிறோம் என்று மனசுக்குள் சொல்லிக் கும்பிடுவார்கள். குடும்பத்தில் அந்த வருடம் குழந்தை பிறந்திருந்தால், யாராவது வேலை மாறியிருந்தால், வீடு வாங்கியிருந்தால் அதையும் சொல்வார்கள். என் கல்யாணமான வருடம் என்னையும் இப்படித்தான் அறிமுகப்படுத்தினார்கள். 'தமிழ்ப் பெண், ஆனால் ஹொக்கியன் பேசுவாள்' என்று மாமியார் கல்லைப் பார்த்துச் சொன்னார்.

படையலில் என்ன வைப்பார்கள்?

தலையோடு அவித்த முழுக்கோழி, தோல் முறுகிய பன்றி வறுவல், மீன் அல்லது வாத்து. மூன்று வகை இறைச்சி என்பது கணக்கு. உச்சி பூப்போல வெடித்த ஹுவாட் குவே பலகாரம், சிவப்பு ஆமை வடிவ ஆங் கூ பலகாரம், அன்னாசி, ஆரஞ்சு, தேநீர், மது. இவை பொதுவானவை. இதற்கு மேல் போனவருக்குப் பிடித்தது. என் மாமனாருக்குச் சர்க்கரையும் பாலும் போடாத கோப்பி ஓ, ஒரு பாக்கெட் சிகரெட். புகைத்தே நுரையீரல் கெட்டவர் அவர். இப்போது இனி என்ன கெடும் என்று பற்றவைத்துக் கல்லின் மேல் வைக்கிறார்கள்.

கெராங் என்ற சிப்பியைச் சொல்லாமல் விடக் கூடாது. அவித்த கெராங்கை அங்கேயே உட்கார்ந்து தின்று, ஓடுகளை மேட்டின் மேல் வீசுவார்கள். சிப்பி ஒரு காலத்தில் காசாக இருந்தது, அதனால் இது முன்னோருக்குக் காசு போடுவது என்பது ஒரு விளக்கம். குழந்தைகளுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை, வீசச் சொன்னால் போதும்.

மற்ற ஊர்களில் வேறு பலகாரம். ஷாங்ஹாய்ப் பக்கம் மாசிப்பச்சை வகைத் தழையின் சாறு பிழிந்த பச்சை உருண்டை. சியாமென்னிலும் பினாங்கிலும் அன்றைக்கு வீட்டில் போப்பியா என்ற காய்கறிச் சுருள் சுருட்டுவார்கள்.

அவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள் என்று எப்படித் தெரியும்?

கேட்பார்கள். இரண்டு காசைக் கையில் குலுக்கிப் போடுவது. ஒன்று பூ, ஒன்று தலை என்று விழுந்தால் 'ஆச்சு'. இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் இன்னும் இல்லை, பத்து நிமிடம் கழித்து மறுபடி. கோவிலில் பிறை வடிவ மரக்கட்டைகளை வைத்துக் கேட்பது போலவேதான். என் மாமனார் எப்போதும் மூன்று தடவையாவது காக்க வைப்பார். உயிரோடு இருந்தபோதும் சாப்பாட்டு மேசையில் கடைசியாக எழுந்தவர் அவர்தான் என்று மைத்துனர் சொல்வார்.

காகிதத்தை எரிப்பது எதற்கு? ஐபோன் எல்லாம் எரிக்கிறார்களாமே?

ஆமாம், காகித ஐபோன், அதற்குக் காகிதச் சார்ஜர். எரிந்தால் அந்தப் பக்கம் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. தங்கத் தாள் ஒட்டினவை தெய்வங்களுக்கு, வெள்ளித் தாள் ஒட்டினவை முன்னோர்களுக்கு. மாற்றிப்போட்டால் பெரியவர்கள் சிரிக்க மாட்டார்கள். அதோடு கோடிக் கணக்கில் அச்சிட்ட பாதாள வங்கி நோட்டு, சட்டை, செருப்பு, பங்களா, கார். பொட்டலத்தின் மேல் பெறுநர் பெயர் எழுதியிருக்கும். எரிக்குமுன் சுற்றி ஒரு வட்டம் போடுவார்கள், கேட்பாரற்ற ஆவிகள் இடையில் புகுந்து எடுத்துக்கொள்ளாமல் இருக்க. சில வீடுகளில் அந்த ஆவிகளுக்கென்றே கொஞ்சம் தாளைத் தனியாக எரித்துவிடுவதும் உண்டு, எனக்குப் பிடித்த பழக்கம் அது.

புகை பெரிய தொல்லைதான். ஹாங்காங்கில் இந்த நாட்களில் மலைத் தீ பிடிப்பது வாடிக்கை. சீனாவில் பல நகரங்கள் எரிப்பதைத் தடுத்துவிட்டன, பூ வைக்கச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டிலும் மூட்டையின் அளவு குறைந்திருக்கிறது. நிறுத்தச் சொல்லும் தைரியம் இன்னும் யாருக்கும் வரவில்லை.

கல்லில் என்ன எழுதியிருக்கிறது? படிக்கத் தெரியாவிட்டாலும் ஏதாவது புரியுமா?

எனக்கு இந்தச் சடங்கில் மிகவும் பிடித்த பகுதி இந்தக் கல்தான். சீன எழுத்து ஒன்றும் தெரியாமல் போனவள், கல்லைப் பார்த்தே கொஞ்சம் கற்றுக்கொண்டேன்.

உச்சியில் இருக்கும் ஓரிரு எழுத்து பெரும்பாலும் ஊர்ப்பெயர். பினாங்கு அல்ல, சீனாவில் விட்டுவந்த சொந்த ஊர். தோங்ஆன், ஆன்சி, நான்ஆன் என்று ஃபூச்சியன் மாகாணத்து மாவட்டங்கள் ஹொக்கியன் கல்லறைகளில் திரும்பத் திரும்ப வரும். இங்கேயே பிறந்து இங்கேயே இறந்தவருக்கும் அந்த ஊர்தான் போடுவார்கள். பூர்வீகக் கிராமத்தைத் தேடிப் போகிறவர்கள் முதலில் தாத்தாவின் கல்லைத்தான் போட்டோ எடுப்பார்கள், வீட்டில் வேறு காகிதம் இருக்காது.

நடுவில் பெரிய எழுத்தில் இறந்தவர் பெயர். ஒரு பக்கம் தேதி. பழைய கற்களில் சீன அரசரின் ஆட்சியாண்டு; 1912க்குப் பிறகு குடியரசு ஆண்டு. குடியரசு 25 என்று கண்டால் 1911ஐக் கூட்டுங்கள், 1936. மறுபக்கம் கல்லை நட்டவர்கள்: மகன்கள், பேரன்கள். மிகப் பழைய கற்களில் மகள்கள் பெயர் இருக்காது, பிறகு வந்தவற்றில் மகள், மருமகள் பெயரெல்லாம் உண்டு.

எழுத்துகளின் எண்ணிக்கைக்கும் விதி உண்டு. பிறப்பு, முதுமை, நோய், சாவு, துன்பம் என்று ஐந்தைச் சுற்றிச் சுற்றி எண்ணிக்கொண்டு போனால், கடைசி எழுத்து பிறப்பிலோ முதுமையிலோ முடிய வேண்டும். நடுவரியில் ஆறு, ஏழு, பதினொன்று, பன்னிரண்டு எழுத்து இருக்கலாம், எட்டு கூடாது. கல் கொத்துகிறவர் இதைப் பார்த்தே வாசகத்தை நீட்டுவார், குறைப்பார்.

நிறத்திலும் செய்தி இருக்கிறது. கணவன் மனைவிக்கு ஒரே கல்லறை என்றால், முதலில் ஒருவர் போனதும் இருவர் பெயரையும் கொத்திவிடுவார்கள். உயிரோடு இருப்பவர் பெயர் சிவப்பு. எங்கள் கல்லில் மாமனார் பெயர் தங்க நிறம், பக்கத்தில் மாமியார் பெயர் சிவப்பு. வருடா வருடம் தன் பெயருக்குத் தானே பிரஷ் ஓட்டுவார். போன முறை வாங்கின பெயிண்ட் மட்டமானது, சீக்கிரம் வெளுத்துவிட்டது என்று கடைசி வரை திட்டிக்கொண்டிருந்தார்.

அழுவார்களா?

அந்த வருடம் இழப்பு இருந்தால் அழுவார்கள். மற்றபடி சத்தம், சிரிப்பு, யார் குடை கொண்டுவரவில்லை என்ற சண்டை. இதைத் துக்க நாள் என்று நினைத்து முகத்தை வைத்துக்கொண்டு போனீர்களானால் நீங்கள்தான் தனியாகத் தெரிவீர்கள். ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சிதறிப்போனவர்கள் வருடத்தில் ஒன்றுகூடுவது சீனப் புத்தாண்டில் ஒரு தடவை, இதில் ஒரு தடவை. வந்தவர், வராதவர் கணக்கு இங்கே எடுக்கப்படும். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகூட ஒரே வாளியில் தண்ணீர் மொண்டு கழுவுவார்கள், பேசாமலே. எனக்குத் தெரிந்து இந்தச் சடங்கைத் தாங்கி நிறுத்துவது மறுவுலக நம்பிக்கை மட்டும் அல்ல. 'அவன் வந்தான், நீ ஏன் வரவில்லை' என்ற கேள்விக்குப் பயம்தான் பாதி.

நம் திதி, ஆடி அமாவாசை மாதிரியா?

கொஞ்சம். பெரிய வித்தியாசம், இங்கே ஐயர் கிடையாது, மந்திரம் கிடையாது, குடும்பமே செய்துகொள்ளும். நமக்குப் பெரும்பாலும் உடல் எரிந்து சாம்பல் ஆற்றோடோ கடலோடோ போய்விடுவதால் போவதற்கு ஓர் இடம் இல்லை. இவர்களுக்கு இடம்தான் எல்லாம். கத்தோலிக்கத் தமிழர்கள் நவம்பர் 2ஆம் தேதி கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவது இதற்கு இன்னும் நெருக்கம்.

பேய் மாதம் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது சீன ஏழாம் மாதம், ஆகஸ்ட் வாக்கில். தெருவோரம் மேடை போட்டுக் கச்சேரி நடக்குமே, அது. வீடற்ற ஆவிகள் உட்பட எல்லோருக்கும். செங் பெங் சொந்தக்காரர்களுக்கு மட்டும்.

கிறிஸ்தவச் சீனர்களும் போவார்களா?

போவார்கள். ஊதுபத்திக்குப் பதில் பூ, காகிதத்துக்குப் பதில் ஜெபம். ஒரே குடும்பத்தில் பாதிப்பேர் கும்பிட, பாதிப்பேர் தலை குனிந்து நிற்பதையும் பார்க்கலாம்.

இதன் பின்னால் நீண்ட சண்டை ஒன்று இருக்கிறது. முன்னோரை வணங்குவது மதச் சடங்கா, குடும்ப மரியாதையா என்று சேசு சபையினரும் மற்ற துறவியரும் நூறு வருடத்துக்கும் மேல் மோதிக்கொண்டார்கள். 1742இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் சீனச் சடங்குகளைக் கத்தோலிக்கருக்கு உறுதியாகத் தடை செய்தார். அதே திருத்தந்தை 1744இல் நம் பக்கத்து 'மலபார் சடங்கு' வழக்குக்கும் தீர்ப்பு எழுதினார். மதுரையில் ராபர்ட் டி நொபிலி தொடங்கிவைத்த, உள்ளூர் வழக்கத்தோடு ஒட்டி நடக்கும் முறையைப் பற்றிய சண்டை அது. சீனத் தடை 1939இல் தளர்ந்தது. மலபார் சடங்குகளுக்கு எதிராகக் குருக்கள் எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழி 1940இல் நீங்கியது. மதுரைக்கும் பீக்கிங்குக்கும் ஒரே வழக்கு, ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடுதலை.

எரித்துவிட்டால் செங் பெங் உண்டா? சிங்கப்பூரில் எல்லாம் எப்படி?

உண்டு, அஸ்தி மாடத்தில். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ. துடைக்க ஓர் ஈரத்துணி போதும், பாராங் வேண்டாம். மேல் வரிசை மாடத்துக்கு ஏணி வேண்டும்.

சிங்கப்பூரில் இதுதான் பெரும்பான்மை. அங்கே இன்னும் புதைக்க இடம் கொடுக்கும் பொதுக் கல்லறை சுவா சூ காங் ஒன்றுதான். 1998 முதல் புதைத்தாலும் 15 வருடம்தான். பிறகு தோண்டியெடுத்து, மதம் அனுமதித்தால் எரித்துச் சாம்பலை மாடத்தில் வைக்க வேண்டும். 1922இல் திறந்து 1973இல் மூடிய புக்கிட் பிரவுனில் சுமார் ஒரு லட்சம் கல்லறைகள் இருந்தன. சாலை போட ஆயிரக்கணக்கில் தோண்டினார்கள், அந்தச் சாலை 2018இல் திறந்தது. மிச்சமிருப்பதைப் பார்க்க இப்போதும் போகலாம். சில பணக்காரச் சீனர்களின் கல்லறை வாசலில் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலாளிச் சிலைகள் நிற்கும். உயிரோடு இருந்தபோது வங்கிக்கும் மாளிகைக்கும் காவல் நின்றவர்களைக் கல்லாக்கி அங்கேயும் நிறுத்திவிட்டார்கள்.

எல்லா இடத்திலும் கல்லறை தோற்றது என்று நினைக்க வேண்டாம். மலாக்காவின் புக்கிட் சீனாவில் 12,000க்கும் மேற்பட்ட கல்லறைகள் உண்டு. 1984இல் குன்றை வெட்டிக் கட்டடம் கட்ட மாநில அரசு திட்டம் போட்டபோது மலேசியச் சீனர்கள் நாடு முழுக்க எதிர்த்தார்கள். குன்று இன்னும் இருக்கிறது. காலையில் மெதுவோட்டம் ஓடுகிறவர்களும் அங்கேதான் ஓடுகிறார்கள்.

தோண்டியெடுப்பது பாவம் இல்லையா?

நமக்குத்தான் திடுக்கென்கிறது. தென் சீனாவிலும் தைவானிலும் சில வருடம் கழித்து எலும்பை எடுத்துச் சுத்தம் செய்து, மண்சாடியில் உட்கார்ந்த நிலையில் அடுக்கிவைப்பது பழைய வழக்கம். அதற்கென்றே கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் எடுப்பது பிரச்சினை இல்லை. சொல்லாமல் எடுப்பதுதான் பிரச்சினை. நல்ல நாள் பார்த்து, கல்லின் முன் நின்று, எங்கே போகிறோம் என்று புது முகவரியைச் சொல்லிவிட்டுத்தான் மண்வெட்டியை எடுப்பார்கள்.

இளையவர்கள் தொடர்ந்து செய்வார்களா?

வீட்டில் நான்கு பிள்ளைகள் இருந்த காலத்தில் வகுத்த வேலை இது. ஒற்றைப் பிள்ளை, அதுவும் மெல்போர்னில் என்றால் யார் புல் வெட்டுவது? என் கணவரின் தலைமுறை இப்போதே இரண்டு மூன்று கல்லறைகளிலிருந்து எலும்பை எடுத்து, எல்லோரையும் ஒரே அஸ்தி மாடத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. 2020இல் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை செங் பெங் சமயத்திலேயே வந்ததால் அந்த வருடம் மலைக்கு யாரும் போகவில்லை. வீட்டுச் சாமிமேடையிலிருந்தே கும்பிட்டோம். ஒருமுறை விட்டால் பழகிவிடும் என்று பயந்தார்கள். அடுத்து அனுமதி கிடைத்தபோது இரட்டிப்புப் புல்லை வெட்டினோம். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவனுக்கு இதில் பிடித்தது கெராங்கும் நெருப்பும். இப்போதைக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன்.

நான் சீனர் இல்லை. கூப்பிட்டால் போகலாமா? என்ன கவனிக்க வேண்டும்?

கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள், கூப்பிடாமல் போகாதீர்கள். பளிச்சென்ற சிவப்பு வேண்டாம், முழுக்கால் சட்டையும் மூடின ஷூவும் போடுங்கள். பழம் வாங்கிப்போகலாம். அடுத்தவர் கல்லறை மேட்டில் கால் வைத்து ஏறாதீர்கள். வழியே இல்லாமல் நெருக்கமாக இருக்கும், அப்போது மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தாண்டுவார்கள். மற்றவர் கல்லை, போட்டோவைப் படம் எடுக்காதீர்கள். கர்ப்பிணிகளை வர வேண்டாம் என்பார்கள், வாதாட வேண்டாம், வீட்டில் தூங்குங்கள். பன்றி இறைச்சி சாப்பிடாதவரா? சொல்லிவிடுங்கள், கோழிக்கால் வரும். ஊதுபத்தி பிடிக்க மனம் இல்லையென்றால் தலை தாழ்த்தினால் போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சும்மா நிற்பதைத்தான் தப்பாக எடுத்துக்கொள்வார்கள், ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்க வேண்டுமா?

எங்கள் வீட்டில் வாசலில் பம்பளிமாசு இலை போட்ட தண்ணீர் இருக்கும், முகம் கை கழுவிவிட்டு உள்ளே வர வேண்டும். இலை கிடைக்காவிட்டால் நேராகக் குளியலறை. எப்படியும் குளிக்காமல் இருக்க முடியாது, தலைமுடி வரை சாம்பல் ஏறியிருக்கும். போட்டிருந்த துணியை அன்றைக்கே ஊறவையுங்கள், புகை வாசம் மறுநாள் போகாது.